எக்ஸ்-கதிர் லேசர் முடுக்கிக்குப் பாகம் செய்ய வருகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

மெக்கானிக்கலோ எலக்ட்ரிக்கலோ படித்துவிட்டு முடுக்கிப் பக்கம் வேலைக்கு வருகிறவர்களை முதலில் மிரட்டுவது சமன்பாடுகள்தான். அதைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். இயற்பியலாளர்கள் பக்கத்து அறையிலேயே இருப்பார்கள். உங்கள் மேசைக்கு வரப்போவது ஒரு குழாய், ஒரு ஃபிளாஞ்சு, ஒரு காந்தத்துக்கான தாங்கி, ஒரு தண்ணீர் இணைப்பு. பார்த்தால் எந்தப் பட்டறையிலும் செய்துவிடலாம் போலத்தான் இருக்கும். சிக்கலே அங்கேதான். வெளியே நல்ல வேலை என்று பெயர் வாங்கிக் கொடுக்கும் பல பழக்கங்கள் இங்கே உதவாது. எதை விட வேண்டும், ஏன் விட வேண்டும் என்று சொல்வதற்குத்தான் இந்தக் கட்டுரை.

உதாரணத்துக்கு ஒரே ஓர் இயந்திரத்தை எடுத்துக்கொள்கிறேன். ஜெர்மனியின் ஹாம்பர்கில் 2017 செப்டம்பரில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்ட ஐரோப்பிய எக்ஸ்ஃபெல் என்ற எக்ஸ்-கதிர் லேசர். கட்டற்ற எலக்ட்ரான் லேசர்களில், அதாவது முடுக்கிவிட்ட எலக்ட்ரான்களிலிருந்தே லேசர் ஒளி எடுக்கும் இயந்திரங்களில், இதன் பாகங்களைப் பற்றி வெளிப்படையாகக் கிடைக்கும் விவரங்கள் அதிகம். பெரிய இயந்திரம் என்பதால் எல்லா வகைப் பாகமும் இதில் உண்டு.

முதல் வேலை: இயந்திரத்தைக் காகிதத்தில் நடந்து பாருங்கள்

மொத்த நீளம் 3.4 கி.மீ. ஒரு முனையில் எலக்ட்ரான் துப்பாக்கி. சீசியம் டெல்லுரைடு பூசிய சிறு தகட்டில் புற ஊதா லேசர் பட்டதும் எலக்ட்ரான்கள் கொத்தாகக் கிளம்பும். செம்பில் குடைந்த துப்பாக்கிக்குள் 1.3 ஜிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலை அவற்றைப் பிடித்துத் தள்ளும். அப்புறம் மீக்கடத்தி முடுக்கி. 12 மீட்டர் நீளமுள்ள மாடியூல்கள் வரிசையாகத் தொங்கும், ஆமாம், தொங்கும். சுரங்கத்தின் கூரையிலிருந்து தொங்கவிட்டிருக்கிறார்கள், அடியில் மற்ற கருவிகளுக்கு இடம் விட்டு. ஒவ்வொரு மாடியூலுக்குள்ளும் எட்டு கேவிட்டிகள், அதாவது ரேடியோ அலையை உள்ளே நிரப்பி எலக்ட்ரானைத் தள்ளும் நயோபியம் உலோகக் குழிவறைகள். நடுநடுவே கொத்தை நீளவாக்கில் அமுக்கும் காந்த வளைவுகள் மூன்று இடத்தில். முடிவில் எலக்ட்ரானின் ஆற்றல் 17.5 ஜிகா எலக்ட்ரான்வோல்ட் வரை போகும்.

பிறகு அண்டுலேட்டர்கள். வடக்கு, தெற்கு என்று மாறிமாறி அடுக்கிய காந்தங்களுக்கு நடுவே எலக்ட்ரான்கள் நெளிந்து போகும்போது எக்ஸ்-கதிர் பிறக்கிறது. வேலை முடிந்த எலக்ட்ரான்கள் காந்தத்தால் திருப்பப்பட்டு ஒரு கிராஃபைட் கட்டையில் போய் முடிகின்றன. அந்தக் கட்டை 300 கிலோவாட் வரை தாங்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் யாரும் இதைக் கண்டுகொள்வதில்லை. என்னைக் கேட்டால் வெப்பப் பொறியியல் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பாகம் கிடையாது.

இந்த வரைபடத்தை வைத்துக்கொண்டு, உங்களுக்குக் கொடுத்த பாகம் எங்கே உட்காருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதே பெல்லோஸ்தான் (மடிப்பு மடிப்பாக நீண்டு சுருங்கும் குழாய்), ஆனால் துப்பாக்கிக்குப் பக்கத்தில் ஒரு விதம், மீக்கடத்தி கேவிட்டிக்குப் பக்கத்தில் வேறு விதம், டம்ப்புக்கு, அதாவது அந்தக் கிராஃபைட் கட்டைக்குப் போகும் குழாயில் இன்னொரு விதம். அந்த இடத்தில் வெற்றிடம் எவ்வளவு, வெப்பநிலை என்ன, காந்தப்புலத்துக்கு எவ்வளவு பக்கம், கதிர்வீச்சு எவ்வளவு, தூசி பட்டால் யாருக்கு நஷ்டம் என்று கேட்டு எழுதிக்கொண்ட பிறகு மட்டும் கேட் (CAD) மென்பொருளைத் திறங்கள்.

இரண்டாவது: பொருளைத் தேர்ந்தெடுப்பது

துருப்பிடிக்காத எஃகு என்று மட்டும் டிராயிங்கில் எழுதாதீர்கள். 303 வகை லேத்தில் வெண்ணெய் மாதிரி போகும், கடைசல்காரருக்குப் பிடிக்கும். ஆனால் அப்படிப் போவதற்காகச் சேர்த்த கந்தகம் வெற்றிடத்துக்கும் வெல்டிங்குக்கும் ஆகாது. 304 பரவாயில்லை, ஆனால் வளைத்தாலும் அடித்தாலும் வெல்டு செய்தாலும் லேசாகக் காந்தத்தன்மை பிடித்துக்கொள்ளும். காந்தங்களுக்குப் பக்கத்தில் வரும் பாகங்களுக்கும் கத்தி விளிம்பு ஃபிளாஞ்சுகளுக்கும் 316எல்என் கேட்பார்கள். விலை அதிகம்தான். சான்றிதழோடு வாங்க வேண்டும், எந்த உருக்குத் தொகுதியில் வந்தது என்று காட்டும் ஹீட் எண் சான்றிதழில் இருக்கும், அதே எண் பாகத்தின் மேலும் இருக்க வேண்டும்.

பித்தளை கூடாது. துத்தநாகம் பூசிய போல்ட் கூடாது. காட்மியம் பூச்சு பக்கத்திலேயே வரக்கூடாது. சூடுபடுத்தும்போது துத்தநாகமும் காட்மியமும் ஆவியாகி உள்ளே எல்லாவற்றின் மேலும் படியும். கதிர்வீச்சு உள்ள இடத்தில் டெஃப்லானும் வேண்டாம், பொடிந்துபோகும். பீக், பாலிஇமைடு போன்ற பிளாஸ்டிக், பீங்கான் இவற்றில் ஒன்றைப் பாருங்கள்.

செம்பு என்றால் ஆக்சிஜன் இல்லாத செம்பு. அதன் வெப்ப விரிவையும் மறந்துவிடாதீர்கள். ஒரு டிகிரி ஏறினால் செம்பு பத்து லட்சத்தில் சுமார் 17 பங்கு விரியும். கேட்க ஒன்றுமில்லாதது போல இருக்கும். 1.3 ஜிகாஹெர்ட்ஸில் அதையே கணக்குப் போட்டால் துப்பாக்கியின் ஒத்ததிர்வு அதிர்வெண் ஏறக்குறைய 22 கிலோஹெர்ட்ஸ் நகர்ந்துவிடும். அதனால்தான் துப்பாக்கியின் குளிர்நீர் டிகிரியில் நூற்றில் சில பங்குக்குள் நிலையாக இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறார்கள். சாதாரண தண்ணீர்க் குழாய் வேலை என்று உங்களுக்குக் கொடுத்தால் முகம் சுளிக்காதீர்கள்.

மூன்றாவது: வெற்றிடத்துக்கு ஏற்ற டிசைன்

இங்கே விதிகள் குறைவு, மீறுகிறவர்கள் அதிகம். உள்ளே காற்று சிக்கிக்கொள்ளும் இடம் எதுவும் இருக்கக் கூடாது. பாதிவரை துளைத்து மரை போட்ட ஓட்டையில் போல்ட் இறக்கினால் அடியில் கொஞ்சம் காற்று மாட்டிக்கொள்ளும். மரை வழியாக அது மாதக்கணக்கில் கசிந்துகொண்டே இருக்கும். ஹீலியம் அடித்துத் தேடினால் ஒன்றும் கிடைக்காது, அழுத்தம் மட்டும் இறங்காது. நடுவில் துளையிட்ட போல்ட் போடுங்கள், அல்லது ஓட்டையை மறுபக்கம் வரை துளைத்துவிடுங்கள்.

வெல்டிங்கிலும் அதே கதை. முழு வெல்டு வெற்றிடப் பக்கம் வர வேண்டும். பலத்துக்காக வெளிப்பக்கமும் வேண்டுமென்றால் இடைவெளி விட்டு விட்டுப் போடுங்கள். இரண்டு பக்கமும் முழுசாகப் போட்டால் நடுவில் காற்றறை. ‘பலமாக இருக்கட்டும்’ என்று நல்ல மனதோடு வெல்டர் போட்டுவிடுவார், ஆகவே டிராயிங்கில் தெளிவாக எழுத வேண்டியது உங்கள் பொறுப்பு.

எலக்ட்ரான் கற்றை போகும் குழாயின் உள்விட்டம் படிக்கட்டு மாதிரி திடீரென மாறவும் கூடாது. கொத்தை அமுக்கி முடித்த பிறகு உச்ச மின்னோட்டம் 5,000 ஆம்பியர் அளவுக்குப் போகிறது. அவ்வளவு செறிந்த கொத்து ஒவ்வொரு விளிம்பையும் இடைவெளியையும் கடக்கும்போது தன் பின்னால் ஒரு மின்புலத்தை விட்டுச் செல்லும். பின்வரும் எலக்ட்ரான்கள் அதில் ஆற்றலை இழக்கும். அதனால்தான் பெல்லோஸின் மடிப்புகளை உள்ளிருந்து செம்பு விரல்களால் மறைக்கிறார்கள். கற்றை கண்ணில் படாத இடம் என்று எதுவும் அந்தக் குழாயில் கிடையாது.

நான்காவது: ஒரு ஃபிளாஞ்சை ஒழுங்காக மூடப் பழகுங்கள்

பத்து வருட அனுபவம் உள்ளவர்களும் இதில் சறுக்குவார்கள், ஆகவே இதை நிதானமாகச் சொல்கிறேன்.

கையில் 40 மி.மீ. உள்விட்டக் குழாய்க்கான கத்தி விளிம்பு ஃபிளாஞ்சு இரண்டு, நடுவில் செம்பு கேஸ்கெட் ஒன்று. வெளிவிட்டம் 70 மி.மீ., எம்6 போல்ட் ஆறு. இரு பக்கமும் உள்ள எஃகு விளிம்பு செம்புக்குள் கடித்து இறங்கி அடைக்க வேண்டும். ரப்பர், பசை, டேப் எதற்கும் வேலையில்லை.

நைட்ரில் கையுறை போடுங்கள். கையுறையோடு முகத்தைத் தொட்டால் அது கையுறை அல்ல, மாற்றிவிடுங்கள். முதலில் கத்தி விளிம்பை வெளிச்சத்தில் சாய்த்துச் சுற்றிப் பாருங்கள். ஒரு இடத்தில் ஒளி உடைந்து தெரிந்தால் அங்கே கீறல். விளிம்புக்குக் குறுக்கே கீறல் இருந்தால் ஃபிளாஞ்சை ஓரமாக வைத்துவிட வேண்டியதுதான். புதிய கேஸ்கெட்டை ஓரத்தைப் பிடித்து எடுத்துப் பள்ளத்தில் வையுங்கள். பழைய கேஸ்கெட்டைத் திருப்பிப் போட்டுப் பார்க்கலாமே என்று ஆசை வரும். வேண்டாம்.

எஃகு போல்ட்டும் எஃகு நட்டும் சேர்ந்தால் பாதியில் கவ்விக்கொண்டு நகராது. வெள்ளி பூசிய போல்ட், அல்லது செம்புக் கலவை நட்டு பயன்படுத்தினால் மசகு தேவைப்படாது. எல்லாவற்றையும் கையால் முறுக்கி, இடைவெளி சுற்றிலும் சமமா என்று பாருங்கள். அப்புறம் எதிரெதிராக, ஒவ்வொன்றையும் கால் சுற்றுக்கும் குறைவாக, டார்க் ரெஞ்ச் வைத்துப் படிப்படியாக இறுக்குங்கள். பல சுற்று வர வேண்டியிருக்கும். ஒரு போல்ட்டை ஒரே மூச்சில் இறுக்கினால் கேஸ்கெட் சாய்ந்து கடிபட்டு, அந்தப் பக்கம் மூடி எதிர்ப்பக்கம் கசியும்.

ஐந்தாவது: கசிவு தேடுவது

ஹீலியம் கசிவுமானியை இணைத்துப் பின்னணி அளவு இறங்கும்வரை காத்திருங்கள். பிறகு வெளியிலிருந்து ஹீலியம் ஊத வேண்டும்; கசிவு இருந்தால் அது உள்ளே நுழைந்து மானியில் தெரியும். ஹீலியம் காற்றைவிட லேசானது, மேலே ஏறும். அதனால் உச்சியில் உள்ள இணைப்பில் ஆரம்பித்துக் கீழே வர வேண்டும். கீழே ஆரம்பித்தால் வாயு ஏறி மேல் இணைப்பின் கசிவில் நுழையும், நீங்கள் கீழ் இணைப்பைக் குற்றம் சொல்லிக் கழற்றிக்கொண்டிருப்பீர்கள். வாயு மிக மெல்ல வந்தால் போதும். முனையை ஃபிளாஞ்சின் பக்கவாட்டில் உள்ள கசிவுக் காடிக்கு நேராகப் பிடித்துச் சில விநாடி நில்லுங்கள். இந்த வகை இயந்திரங்களில் பொதுவாக ஓர் இணைப்பிலிருந்து 1×10⁻¹⁰ மில்லிபார்-லிட்டர்/விநாடிக்கு மேல் கசியக் கூடாது என்பார்கள். சோதனை அமைப்பில் எங்காவது ரப்பர் வளையம் இருந்தால் ஹீலியம் அதன் வழியாகவே மெல்ல ஊடுருவி உங்களை ஏமாற்றும், கவனம்.

கசிவு இல்லை என்பதால் சுத்தம் என்று ஆகிவிடாது. உள்ளே மிச்சமிருக்கும் வாயுக்களை நிறை எண் வாரியாகக் கோடுகளாகக் காட்டும் எச்ச வாயு பகுப்பாய்வியை ஓடவிட்டுப் பாருங்கள். 18-இல் உயரமான கோடு இருந்தால் நீர், சூடுபடுத்தினால் போகும். 28-உம் 32-உம் ஏறக்குறைய நாலுக்கு ஒன்றாக நின்றால் காற்று, அதாவது கசிவு. 55, 57 பக்கம் கொத்தாகக் கோடுகள் தெரிந்தால் எண்ணெய். எந்தக் கடைசலில் எந்தக் குளிர்விப்புத் திரவம் ஓடியது என்று போய் விசாரியுங்கள். எண்ணெய் பிடித்த பாகத்தைச் சூடுபடுத்தித் தப்பிக்கப் பார்க்காதீர்கள், திருப்பி அனுப்பிக் காரச் சோப்புக் கரைசலில் அல்ட்ராசோனிக் குளியல் போட்டு, அயனி நீக்கிய நீரில் அலசி வரச் சொல்லுங்கள்.

ஆறாவது: நயோபியத்தின் பக்கத்தில் போகிறீர்கள் என்றால்

இதுவரை சொன்னது எந்த உயர் வெற்றிட வேலைக்கும் பொருந்தும். கேவிட்டிகளுக்குப் பக்கத்தில் தூசிதான் முதல் எதிரி.

ஒவ்வொரு கேவிட்டியும் ஒன்பது அறை கொண்டது, முடுக்கும் நீளம் சுமார் ஒரு மீட்டர். 2.8 மி.மீ. நயோபியம் தகட்டை அழுத்திக் கிண்ணமாக்கி, வெற்றிடத்தில் எலக்ட்ரான் கற்றையால் வெல்டு செய்கிறார்கள். தகடு வந்ததும் ஒவ்வொன்றையும் சுழல் மின்னோட்ட முறையில் வருடி, வேற்று உலோகத் துணுக்கு புதைந்திருக்கிறதா என்று பார்த்தார்கள். உள்மேற்பரப்பை அமிலத்தில் நூறு மைக்ரானுக்கு மேல் அரித்து எடுத்து, 800 டிகிரியில் வெற்றிட உலையில் வைத்து, சுமார் 100 பார் அழுத்தத்தில் மிகத் தூய நீரால் பீய்ச்சிக் கழுவினார்கள். எண்ணூறு கேவிட்டிகளை இரண்டே நிறுவனங்கள், ஜெர்மனியில் ஒன்றும் இத்தாலியில் ஒன்றும், செய்து கொடுத்தன.

ஏன் இவ்வளவு? கேவிட்டி ஒரு மீட்டருக்குச் சுமார் 23.6 மெகாவோல்ட் முடுக்கும்போது உள்வாய் விளிம்பில் மின்புலம் அதைப்போல இரண்டு மடங்கு. அங்கே சில மைக்ரான் அளவுத் தூசி ஒட்டியிருந்தால் அதன் முனையிலிருந்து எலக்ட்ரான்கள் பிய்த்துக்கொண்டு கிளம்பும். கதிர்வீச்சு வரும், 2 கெல்வின் ஹீலியத்தில் வெப்பம் இறங்கும். 2 கெல்வினில் ஒரு வாட் வெப்பத்தை வெளியேற்ற அறை வெப்பநிலையில் பல நூறு வாட் செலவழிக்க வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

ஆகவே இணைப்பு வேலை ஐஎஸ்ஓ 4 தர க்ளீன் ரூமில். அங்கே ஒரு கன மீட்டர் காற்றில் அரை மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துகள்கள் 352-ஐத் தாண்டக் கூடாது. உங்கள் பாகம் உள்ளே போவதற்கு முன் வடிகட்டி அயனியூட்டிய நைட்ரஜனால் ஊதி, துகள் எண்ணியில் எண்ணிக்கை விழுவது நிற்கும்வரை ஊத வேண்டும். போல்ட், நட்டு உள்பட. மறுபக்கம் வரை போகாத குருட்டு ஓட்டைகள் ஏன் கூடாது என்பதற்கு இங்கே இரண்டாவது காரணமும் கிடைக்கும்: அங்கிருந்து துகள் வந்துகொண்டே இருக்கும். காற்றை வெளியேற்றுவதும் உள்ளே விடுவதும் மிக மெதுவாக. அவசரப்பட்டு வால்வைத் திறந்தால் குழாயின் அடியில் படுத்திருக்கும் தூசி எழுந்து நேராகக் கேவிட்டிக்குள் போய் உட்காரும்.

நயோபியம் மிருதுவானது, கத்தி விளிம்பு அதில் நிற்காது. அதனால் கேவிட்டி முனைகளில் நயோபியம்-டைட்டானியம் ஃபிளாஞ்சு, நடுவில் அலுமினியக் கலவை கேஸ்கெட். ஹீலியத் தொட்டி டைட்டானியத்தில். குளிரும்போது அது நயோபியத்தோடு ஏறக்குறைய ஒரே அளவு சுருங்குகிறது. இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கேவிட்டியின் நீளம் ஒரு மைக்ரான் மாறினால் ஒத்ததிர்வு சுமார் 300 ஹெர்ட்ஸ் நகரும். இயங்கும்போது அதன் அலைவரிசை அகலமே கிட்டத்தட்ட அவ்வளவுதான். ரேடியோ அலை உள்ளே நிரம்பும்போது அதன் அழுத்தமே சுவரைத் தள்ளி அதைவிட அதிகமாக நகர்த்தும். தம்புராவில் பிருடையால் சுருதி கூட்டிவிட்டு மணிக்காயால் நுணுக்குவது போல, மோட்டார் வைத்த டியூனர் பெரிய மாற்றத்தையும் மின்னழுத்தம் கொடுத்தால் துளியளவு நீளும் பீசோ அடுக்கு நுண்ணிய மாற்றத்தையும் பார்த்துக்கொள்கின்றன. டியூனர் சட்டத்தில் ஒரு போல்ட் தளர்ந்திருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

எல்லா எக்ஸ்-கதிர் லேசரும் இப்படிக் குளிர்ந்ததல்ல. கலிஃபோர்னியாவில் 2009-இல் முதல் ஒளி தந்த எல்சிஎல்எஸ், ஜப்பானின் சாக்லா, சுவிட்சர்லாந்தின் சுவிஸ்ஃபெல் ஆகியவை செம்பு முடுக்கிகளோடு வந்தவை. அங்கே பிரேஸிங்கும் நுண் கடைசலும் தெரிந்தவர்களுக்குத்தான் கிராக்கி.

ஏழாவது: அண்டுலேட்டர் பகுதி

ஹாம்பர்கில் மொத்தம் 91 அண்டுலேட்டர் துண்டுகள், ஒவ்வொன்றும் 5 மீட்டர். மேலும் கீழும் நியோடிமியம் காந்த வரிசை. இடைவெளியை 10 மி.மீ. வரை நெருக்கலாம். இரண்டு வரிசைகளும் டன் கணக்கில் ஒன்றையொன்று இழுக்கும், ஆனால் இடைவெளி மைக்ரான் கணக்கில் பிசகாமல் நிற்க வேண்டும். ஆகவே அந்தச் சட்டம் பார்க்க யானைக்கால் மாதிரி இருப்பதைக் கண்டு ‘ஓவர் டிசைன்’ என்று முடிவு கட்டாதீர்கள். நியோடிமியம் காந்தம் ஒரு டிகிரி ஏறினால் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு வலு இழக்கும். அதனால் சுரங்கத்தின் காற்று வெப்பநிலையும் இயந்திரத்தின் பாகம்தான்.

அந்த 10 மி.மீ.க்குள் வெற்றிடக் குழாயும் நுழைய வேண்டும். அலுமினியத்தைப் பிதுக்கி எடுத்து, பக்கவாட்டில் குளிர்நீர் வழியும் வைத்து, காந்தத்துக்கு நேராகச் சுவரை அரை மில்லிமீட்டருக்கும் மெல்லியதாகச் சீவியிருக்கிறார்கள். காந்தமற்ற பொருள், மின்கடத்தும் திறன் அதிகம், உள்ளே வழவழப்பு. அலுமினியத்தை எஃகு ஃபிளாஞ்சோடு சேர்ப்பதுதான் தலைவலி. இரு உலோகமும் ஒட்டிவரும் கூட்டுத் தகட்டிலிருந்து ஃபிளாஞ்சு கடைவது ஒரு வழி.

காந்தங்களுக்குப் பக்கத்தில் சாதாரண இரும்பு ஸ்பானரோடு போகாதீர்கள். கருவிக்காக அல்ல, உங்கள் விரலுக்காக.

எட்டாவது: பாகத்தை எப்படி நிமிர்த்தப் போகிறார்கள்?

லேசர் டிராக்கர் வைத்துத்தான் எல்லாப் பாகத்தையும் சுரங்கத்தில் இடம் பிடித்து வைப்பார்கள். அதற்கு உங்கள் பாகத்தின் மேல் பிரதிபலிப்புக் கோளம் உட்காரும் குறிகள் வேண்டும், குறைந்தது மூன்று, நாலைந்து இருந்தால் நிம்மதி. அவை நடைபாதைப் பக்கமிருந்து தெரிய வேண்டும். புதியவர்கள் குறிகளை அழகாக வைப்பார்கள். பிறகு கேபிள் தட்டு வந்து மறைத்துவிடும். அளவீட்டுக் குழுவைக் கூப்பிட்டு டிராயிங் நிலையிலேயே காட்டிவிடுங்கள். காந்தம் என்றால் உலோகத்தின் நடுக்கோடும் காந்தப்புலத்தின் நடுக்கோடும் ஒன்றல்ல, அளந்து எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஒன்பதாவது: காகிதமும் லாரியும்

ஒவ்வொரு பாகத்தோடும் ஒரு பயண அட்டை போகும்: எந்த ஹீட், யார் வெல்டு, எப்போது கழுவல், கசிவு அளவு என்ன, எந்த நைட்ரஜனில் நிரப்பி மூடியது. எரிச்சலாகத்தான் இருக்கும். மூன்று வருடம் கழித்து ஒரு பாகம் கசிந்தால் அதே தொகுதியில் செய்த மற்ற நாற்பதையும் சந்தேகிக்கலாமா வேண்டாமா என்று சொல்வது அந்த அட்டை மட்டும்தான்.

எக்ஸ்ஃபெல்லின் மாடியூல்கள் பாரிஸ் அருகே சாக்லேயில் பூட்டப்பட்டு லாரியில் ஹாம்பர்க் வந்தன. அதிர்வு பதியும் கருவி வைத்து, உள்ளே தொங்கும் பாகங்களைத் தற்காலிகமாகப் பிடித்துக்கட்டி அனுப்புவது இத்தகைய பயணத்தின் வழக்கம். உங்கள் பாகம் ஒரு சின்ன பெல்லோஸாக இருந்தாலும் போகும் வழியில் மடிப்பு ஆடாதபடி தடுப்புக் கம்பி போட்டு, அதற்குச் சிவப்பு அட்டை கட்டுங்கள். பூட்டியதும் கழற்ற வேண்டிய கம்பி என்று அட்டையில் எழுதியிருக்க வேண்டும்.

எங்கே பழகுவது?

இந்தியாவில் இருப்பவர்களுக்கு இந்தூரின் ராஜா ராமண்ணா மையம் அகச்சிவப்பு கட்டற்ற எலக்ட்ரான் லேசர் ஒன்றை இயக்குகிறது. டெல்லியின் பல்கலைக்கழகங்களிடை முடுக்கி மையத்தில் நயோபியம் கேவிட்டி வேலை நடக்கிறது. இரண்டிலும் பயிற்சி அறிவிப்புகளைப் பார்த்துக்கொண்டிருங்கள். அதுவரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. மெல்படலம் பூசும் கருவி உள்ள கல்லூரி ஆய்வகம் எங்கும் உண்டு. அங்கே ஒரு டர்போ பம்ப்பும் கசிவுமானியும் இருந்தால் போதும். இரண்டு ஃபிளாஞ்சை மூடுங்கள், கசிவு பாருங்கள். அப்புறம் வேண்டுமென்றே பழைய கேஸ்கெட்டைப் போட்டு மூடி மறுபடி பாருங்கள். திரையில் எண் எப்படி ஏறுகிறது என்று கண்ணால் பார்த்தவர்கள் நேர்காணலில் பேசுவதே தனியாகத் தெரியும்.